வசதிப்படி வாருங்கள்

மேசையில் மணி வைத்து அடித்துக் கூப்பிட்ட முதலாளியை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து முறைத்த முதலாளியை உங்கள் அப்பா பார்த்திருப்பார். நமக்கு வாய்த்திருப்பது மூன்றாவது இனம். சுதந்திர முதலாளி என்று அதற்குப் பெயர் வைக்கலாம்.

இவர் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பார். முதலாளி என்று கூப்பிட்டால் வருத்தப்படுவார். வேலையாட்கள் என்று சொல்லமாட்டார், 'டீம்' என்பார். லாபம் என்று சொல்லமாட்டார், 'பயணம்' என்பார். எல்லாரும் ஒரே குடும்பம் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது நினைவூட்டுவார். நேரம் காலம் பார்க்க வேண்டாம், உங்கள் வசதிப்படி வாருங்கள் என்று மனதார அனுமதி கொடுத்துவிட்டு, உங்கள் வசதியும் தன் வசதியும் ஒத்துப்போகின்றனவா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டவரா? இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வேலை தேடிப் போய்விடலாமே.

இந்த இனம் பெங்களூரிலும் சென்னையிலும் மட்டும்தான் பிழைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கொல்லிமலையில் மிளகு காய்க்கிற உயரத்திலும் செழிப்பாக வளரும். அர்த்தனாரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. மலைமேல் வாசலூர்பட்டியில் ஒரு கொட்டகை போட்டு, சுற்றுவட்டாரத்தில் விளையும் தினை, சாமை, கேழ்வரகு, மிளகு எல்லாவற்றையும் வாங்கிச் சுத்தம் செய்து பொட்டலம் போட்டு அனுப்புவது தொழில். மலைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலை செய்தார்கள். மேற்பார்வை மணிமேகலை. எல்லாருக்கும் மூத்தவர் அத்தாயி. பல வருஷமாக நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் அர்த்தனாரி கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனார்.

போனது அர்த்தனாரி டிரேடர்ஸ். திரும்பி வந்தது 'மலைமடி'.

பெயர்ப்பலகை மாறியது. பொட்டலத்தின் மேலிருந்த அவருடைய போட்டோ போய், பனிமூட்டமும் பறவையும் வந்தன. கொட்டகை மூலையில், உட்கார்ந்தால் அமுங்கிப்போகும் மெத்தைப் பை ஒன்று வந்து இறங்கியது. களைப்பாக இருந்தால் யாரும் அதில் சாய்ந்துகொள்ளலாம் என்றார். சேலையோடு அதில் உட்கார்ந்தவரை எழுப்ப இருவர் கைகொடுக்க வேண்டியிருந்ததால் அது சீக்கிரமே கொட்டகைப் பூனைக்குப் போய்ச் சேர்ந்தது. இனிமேல் நாம் தினை விற்பதில்லை, ஒரு வாழ்க்கை முறையை விற்கிறோம் என்று அர்த்தனாரி ஒருநாள் விளக்கினார். அத்தாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்பத் தினைய யாருங்க விக்கறது?"

அது புரிவதற்கு நாளாகும் என்று அர்த்தனாரி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. பெண்கள் நெளிந்தார்கள். கடைசியில் மற்றவர்கள் 'அர்த்தனாரிங்க' என்று ஒருவழியாகச் சமாளிக்க, அத்தாயிக்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. "செரி கண்ணு அர்த்தனாரி" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார்.

பிறகுதான் அந்தப் பெரிய அறிவிப்பு. இனிமேல் வேலைநேரம் என்று ஒன்று கிடையாது. வேலை முடிந்தால் போதும், வருவதும் போவதும் அவரவர் வசதி. சொல்லும்போதே போனை எதிரே சாய்த்து நிறுத்திவைத்துத் தன்னைப் படம்பிடித்தார். நெசமாலுமேங்களா என்று மணிமேகலை கேட்டாள். நெசமாலுமே என்று அவர் நெஞ்சில் கை வைத்ததும் படத்தில் பதிந்தது. இணையத்தில் அவர் போட்ட அந்தப் படத்தை ஊரே பார்த்தது. மலைக்கிராமத்தில் இப்படியொரு கம்பெனியா என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அர்த்தனாரி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். சாப்பிடும்போதும் சொன்னார்.

மாதங்கள் போயின. பெண்கள் பழையபடி அதே நேரத்துக்கு வந்தார்கள், அதே நேரத்துக்குப் போனார்கள். பஸ் அந்த நேரத்துக்குத்தான் வந்தது, அந்த நேரத்துக்குத்தான் போனது. சுதந்திரம் கொடுத்தால் பொறுப்பு தானாக வரும் பாருங்கள் என்று அர்த்தனாரி அடிவாரத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொடுத்த சுதந்திரத்தை யாரும் எடுத்துச் செலவழிக்காதவரை கொடுத்தவருக்கு எவ்வளவு ஆனந்தம்.

இப்படியிருக்கும்போது சென்னையிலிருந்து கோகிலவாணி என்பவர் கூப்பிட்டார். ஊர் ஊராகக் கிளைகள் உள்ள ஒரு கடை நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. அந்தப் படத்தைப் பார்த்தாராம். உங்கள் சரக்கை மட்டுமல்ல, உங்கள் கதையையும் எங்கள் கடையில் வைக்க ஆசை என்றார். முதல் ஆர்டரை வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றும்போது தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், எல்லாம் சரியாக இருந்தால் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். இந்தக் கொட்டகைக்காக வீட்டை அடமானம் வைத்திருந்த அர்த்தனாரிக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

திங்கட்கிழமை காலை வளைவு வளைவாக ஏறி வந்தவர் கொட்டகை பூட்டிக்கிடப்பதைப் பார்த்தார். போனில் கம்பெனிக் குழுவுக்கு மணிமேகலையின் செய்தி வந்திருந்தது: 'அத்தாயக்கா வயல்ல நடவு. வசதிப்படி வர்றோம்ங்க.'

அர்த்தனாரி 'என்ன விளையாடுகிறீர்களா' என்று எழுதினார். அழித்தார். 'வெள்ளிக்கிழமை என்ன தெரியுமல்லவா' என்று எழுதினார். அதையும் அழித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அந்தப் படத்தில் நிற்கிறாரே, அந்த அர்த்தனாரி கண்முன் வந்து நின்றார். கடைசியில் 'மகிழ்ச்சி' என்று எழுதி ஒரு பூவும் சேர்த்து அனுப்பினார். சற்றுநேரம் கழித்து, 'அவசரமில்லை. எப்போது வருவீர்கள் என்று சும்மா கேட்டேன்' என்று இன்னொன்று. எல்லாரும் கைகூப்பும் படத்தை அனுப்பினார்கள். அவசரமில்லை என்று அவரே சொல்லிவிட்ட பிறகு அதில் பேச என்ன இருக்கிறது?

மறுநாளும் பூட்டு. அன்று பொறுக்கமுடியாமல், அத்தாயியின் வயல் இருக்கும் அரியூர் நாட்டுக்கு வண்டியை விட்டார். இரண்டு சரிவுகளுக்கு நடுவே வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. தூறலில் பிளாஸ்டிக் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு அவருடைய 'டீம்' மொத்தமும் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையில் ஒருநாளும் அவ்வளவு சிரிப்புச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. பளபளக்கும் ஷூவோடு வரப்பில் நின்றார். சேறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது.

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. தயவுசெய்து வாருங்கள், இந்த ஆர்டர் போனால் என் வீடு போய்விடும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் முதலாளி ஆகிவிடுவோமே.

"இந்தப் பக்கம் வந்தேன். பார்த்துட்டுப் போலாம்னு" என்றார்.

மணிமேகலை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். முகத்தில் தெறித்திருந்த சேற்றைத் தோளால் துடைத்தாள்.

"வரச் சொல்றீங்களா, சும்மா கேக்கறீங்களா? வரச் சொன்னா வாரோம்ங்க."

இதைவிட நேராக ஒரு கதவைத் திறந்துவைக்க முடியாது. அர்த்தனாரி அந்தக் கதவைப் பார்த்தார். சிரித்தார். "சும்மாதான்" என்றார்.

அத்தாயி அவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துவைத்து, களியும் கீரையும் போட்டார். தாராள மனசு என்ற சுமையோடு அவர் வண்டியேறினார்.

புதன்கிழமை மாற்றுச்சாவியால் கொட்டகையைத் திறந்து, தானே பொட்டலம் போட உட்கார்ந்தார். பையின் வாயைச் சூடுவைத்து ஒட்டும் மெஷின் பையை ஒட்டாமல் உருக்கியது. ஒட்டுத்தாள் கோணிக்கொண்டது. பனிமூட்டம் கீழேயும் பறவை தலைகீழாகவும் நின்றன. மத்தியானத்துக்குள் முதுகு விட்டுப்போனது. பெண்கள் உட்கார்ந்து பொட்டலம் போடும் மூலையில் வெளிச்சமே வருவதில்லை என்பதும், தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தன. சாய்ந்துகொள்ளலாம் என்று மெத்தைப் பையிடம் போனார். பூனை சீறியது. வீட்டுக்குக் கிளம்பினார். மனைவியிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் தேடினார், கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கோகிலவாணியிடம் என்ன பொய் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே வந்தவர் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார். பெட்டிகள் எல்லாம் கட்டி, பெயரெழுதி, லாரியில் ஏற்றத் தயாராக நின்றன. பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமையோடு நடவு முடிந்துவிட்டதாம். வியாழக்கிழமை விடிந்ததும் வந்து உட்கார்ந்து முடித்துவிட்டார்களாம். அவர் போட்ட பொட்டலங்களை எல்லாம் பிரித்து, சரக்கைக் கொட்டி மறுபடி போட வேண்டியிருந்ததால்தான் கொஞ்சம் தாமதமாம்.

"வேலை முடிஞ்சாப் போதும்னீங்க. முடிஞ்சுதுங்க" என்றாள் மணிமேகலை. "யாரு எதைச் செய்யறதுன்னு ஞாயித்துக்கிழமையே பேசி வெச்சுட்டோம்."

குழுவில் அப்படி எதுவும் வரவில்லையே என்றார் அர்த்தனாரி.

மணிமேகலை டீயைக் கீழே வைத்தாள். "அது வேற குரூப்புங்க."

"நான் இல்லாத குரூப்பா?"

"ஆமாங்க."

உயிர் திரும்பி வந்த நேரத்தில் ஒருவருக்கு மனம் வலிக்கலாமா? வலித்தது. அந்த வலியை நீவிக்கொள்வதற்குள் கோகிலவாணியின் கார் வந்து நின்றது.

அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், பூனையைத் தடவினார், பிறகு நேராக அத்தாயியிடம் போய், இந்தக் கம்பெனியில் உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டார். அர்த்தனாரி ஓரடி முன்னால் வந்தார்.

"எங்க அர்த்தனாரிக் கண்ணு சொன்ன சொல்லு மாறாதுங்க" என்றார் அத்தாயி. "இத்தன பெரிய ஆர்டரு தலைக்கு மேல நிக்குது. நடவுக்குப் போறோம்னு போயிட்டோம். ஏன் போனீங்கன்னு ஒரு வார்த்த கேக்கலீங்க. வயலுக்கே வந்து பாத்துட்டுப் போச்சுங்க. எந்த மொதலாளிக்கு அந்த மனசு வரும்?"

கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. அர்த்தனாரிக்கும் கலங்கியது. இரண்டு கலக்கத்துக்கும் காரணம் ஒன்றல்ல. வருஷம் முழுக்க எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தானது. லாரி மலையிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இனிமேல் வேண்டியதை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் நிஜமாகவே முடிவுசெய்தார். அந்த முடிவு சாயங்காலம் வரை நின்றது.

சாயங்காலம், நடவுக்கு வழிவிட்ட முதலாளி என்று தன்னைப் பற்றித் தானே ஒரு பதிவு போட்டார். திங்கட்கிழமை கூட்டம் கூட்டி, 'வயல் விடுப்பு' என்ற புதிய திட்டத்தை அறிவித்தார். வசதிப்படி வரலாம்; ஆனால் எந்த வசதி, எப்போது என்பதை முன்கூட்டியே குழுவில் போட்டுவிட வேண்டும். அப்படியென்றால் அனுமதி கேட்க வேண்டுமா என்றாள் மணிமேகலை. அனுமதி இல்லை, தகவல்தான் என்றார். பெண்கள் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் மணிமேகலையைத் தனியாகக் கூப்பிட்டு, தன்னையும் அந்த இன்னொரு குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். வாழ்நாளில் அவர் நேராகக் கேட்ட முதல் காரியம் அதுதான். அவளும் மறுக்காமல் அங்கேயே நின்று சேர்த்துவிட்டாள். தினமும் காலையில் அதில் ஒரு பூவும் ஒரு நல்வாக்கும் போடுகிறார். அவர் சேர்ந்த நாளிலிருந்து அதில் வேறு யாரும் எதுவும் போட்டதில்லை. வேலை மட்டும் எப்படியோ நடந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் மேலதிகாரியின் முகமோ, பழைய மேனேஜரின் முகமோ நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. ஆனால் உங்களுக்குக் கீழேயும் நாலு பேர் இருப்பார்கள். அலுவலகத்தில் இல்லாவிட்டால் வீட்டிலாவது. நீங்கள் குழுவில் ஏதாவது போட்டால் உடனே கைகூப்பிவிட்டு அமைதியாகிவிடுகிறார்களா? எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போகிறீர்களா? ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் அறைக்குள் நுழைந்து பாருங்கள். எத்தனை போன்கள் ஒரே நேரத்தில் கவிழ்கின்றன என்று தெரியும்.