கோபிசங்கரின் வீட்டுக் கடல்

தேநீர் உப்புக் கரித்தது. முதல் மிடறை வாய்க்குள் வைத்துக்கொண்டு, விழுங்குவதா துப்புவதா என்று கோபிசங்கர் யோசித்தான். குற்றவாளி தானே என்பதால் விழுங்கினான்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் மனைவி துஷாந்தினி.

"நல்லாயிருக்கு."

"இருக்கும். நீங்கள் குசினி வாளியில உப்புக் கரைச்சு வைச்ச தண்ணியிலதான் போட்டனான். வேற தண்ணி ஒரு சொட்டும் இல்லை. தண்ணிப் பவுசர் இனி வெள்ளிக்கிழமைதான் வரும்."

"அது மீன் தொட்டிக்கு..."

"படலையைத் திறந்தால் கடல். குடிக்கிற தண்ணியில உப்புக் கரைச்சுக் கடல் செய்யிற மனிசன் இறுப்பிட்டியில நீங்கள் ஒருவர்தான்!"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் இது கோபிசங்கருக்கு மானப் பிரச்சினை. துஷாந்தினியின் தமையன் பிரவீனன் கனடாவிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பவளப்பாறையே அசைந்துகொண்டிருக்கும். நீலத் தண்ணீர், ஊதாப் பவளம், செம்மஞ்சள் மீன்கள். ஒருநாள் சொந்தக்காரர் எல்லோரும் கூடியிருந்த அழைப்பில், தானும் ஒன்று வைக்கப்போவதாக இவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அது உம்மாலை ஏலாது, கோபி," என்று பிரவீனன் சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். துஷாந்தினியும் கொஞ்சம் சிரித்தாள். அந்தக் கொஞ்சம்தான் கோபிசங்கரைச் சுட்டது. கோயில் திருவிழாவுக்குப் பிரவீனன் வரும்போது தொட்டியில் மீன் உயிரோடு நீந்தியே ஆகவேண்டும்.

யோசனை சொல்வதில் மட்டும் பிரவீனன் வஞ்சகம் செய்யவில்லை. கடல் தண்ணீரில் வள்ளத்து எண்ணெய் கிடக்கும் என்று உப்புப் பெட்டி அனுப்பியவன் அவன்தான். அதோடு ஒரு ஹீற்றரும் வந்தது.

"ஹீற்றர் இல்லாட்டி மீன் விறைச்சுப் போம்," என்றான்.

"இந்த வெக்கையில ஆர் விறைக்கிறது?" என்றாள் துஷாந்தினி.

வெள்ளிக்கிழமை பவுசர் வந்ததும் கோபிசங்கர் தொட்டியை நிரப்பி, ஹீற்றர் பிளக்கைச் செருகினான். மத்தியானம் தொட்டிக்குள் கையை விட்டவன், "ஆ!" என்று அலறிக்கொண்டு கடற்கரை மீன் வாடிக்கு ஓடினான். அங்கிருந்து ஐஸ் கட்டி வந்தது. ஐஸோடு சூடை மீன் நாற்றமும் வந்தது. ஐஸ் கரைந்ததும் உப்புக் குறைந்தது. உப்புப் போட்டால் கூடியது. கூடியதற்கு இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினான். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர், நிலத்தில் கிடந்த பிளக் பலகையைத் தேடிப் போனது. 'பட்' என்றொரு சத்தம். நல்ல காலம், ரிப் சுவிச் விழுந்து கரண்ட் நின்றது.

மின்சார வேலைக்கு வந்த ரஜீபன் ஹீற்றரைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னத்துக்கு, அண்ணை? மீனைப் பொரிக்கவோ?"

அவன் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, பிளக் பலகையைச் சுவரில் உயரத்தில் பூட்டினான். வயரைக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, அதில் வழியும் தண்ணீர் பிளக்கில் ஏறாமல் கீழே சொட்டும்படி செய்தான். துஷாந்தினியின் சீதன மேசை தொட்டியின் பாரத்தில் காலை அகட்டிக்கொண்டு நின்றதால், தொட்டிக்குச் சீமெந்துத் திண்டும் கட்டவேண்டியதாயிற்று.

அடுத்த வில்லங்கம் கொழும்பு மீன்கடைக்காரர். தண்ணீரை ஒரு மாதம் ஓடவிட்டுப் பரிசோதிக்காமல் மீன் தரமாட்டேன் என்று அவர் போனில் பிடிவாதம் பிடித்தார்.

"ஒரு மாதமோ? விசர்க் கதை!" என்றான் பிரவீனன். "எனக்குச் சுவிச்சைப் போட்ட உடன நீந்தினது."

கோபிசங்கர் பொறாமையில் வெந்தான். ஆனாலும் கடைக்காரர் அசையவில்லை. மாதம் முடிந்தபின்தான் இரண்டு கோமாளி மீன்கள் ஒட்சிசன் அடைத்த பையில் பஸ் ஏறி வந்தன. வந்ததும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"இஞ்ச வாங்கோ, ராசா," என்று துஷாந்தினி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக் கெஞ்சினாள். அவள் தன்னிடம் அப்படிப் பேசி எத்தனையோ காலம் என்று கோபிசங்கர் நினைத்துக்கொண்டான். இருந்தும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிரவீனன் வருகிற அன்று காலை கரண்ட் போனது. காற்றுப் பம்ப் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"செம்பை எடுங்கோ! அள்ளி உயரத்தில இருந்து ஊத்துங்கோ, காத்துப் போகட்டும்!" என்று துஷாந்தினி தானும் ஒரு செம்போடு பாய்ந்தாள். புருசனும் பெண்சாதியும் மாறி மாறி அள்ளி ஊற்றினார்கள். கரண்ட் வந்தபோது மீனை விட அவர்கள் இருவரும்தான் அதிகம் நனைந்திருந்தார்கள்.

வாசலில் வான் வண்டி வந்து நின்றது. பிரவீனனும் மனைவி தனுசியாவும் உள்ளே வந்தார்கள். மீன்கள் கல்லைச் சுற்றி ராஜநடை போட்டன.

"எப்பிடி, மச்சான்?" என்று கோபிசங்கர் கேட்டான். "நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும். உப்புக் காணுமோ?"

பிரவீனன் தொட்டிக்குக் கிட்டப் போகாமல் எட்ட நின்றே தலையைச் சரித்தான்.

"ம்... நிறம் கொஞ்சம் காணாது."

கோபிசங்கரின் முகம் விழுந்துவிட்டது. அதற்குள் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்த தனுசியா, வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"உயிர் மீன் எண்டால் இப்பிடிக் கடிக்குமோ, அண்ணை? எங்கட வீட்டு மீன் ரீவித் திரையில ஓடுற படமெல்லோ, எனக்கு இதுகள் ஒண்டும் தெரியாது."