காலிக் குப்பிக்கும் ஒரு குடும்பம்

தேதி எழுதாத பொருளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். (மருந்து பாட்டில், ஊறுகாய் ஜாடி, ஒருமுறை சம்பந்தி வீட்டு பிரியாணிச் சட்டி.) அந்தக் கை சும்மா இருந்திருந்தால் என் தங்கை மகள் நிஷாவின் ஆய்வேடு தப்பித்திருக்கும்.

பழவேற்காட்டு முள்வேலிகளில் கூட்டமாக வாழும் சிலந்திகளைப் பற்றிய ஆய்வு அது. சிலந்தியின் உடம்பில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் ஈரம் காயாமல் அது காக்கும். அந்த மெழுகின் கலவை கூட்டுக்குக் கூடு மாறுகிறதா என்பதுதான் அவள் கேள்வி; கலவை ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம். அவளுக்குப் பரீட்சை, சிலந்தி பிடிக்கும் வேலை எனக்கு. மெழுகைக் கரைக்கும் திரவம் ஊற்றிய பன்னிரண்டு குப்பிகளைக் கொடுத்தாள். பதினொன்றில் சிலந்தி, பன்னிரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்கக் காலியாக.

"மேல நம்பர் இருக்கு மாமா. நீங்க ஒண்ணும் எழுத வேணாம்."

நம்பர் இருந்தது. தேதி? முதல் நாள் ஆரம்பாக்கத்தில் ஆறு குப்பிகளை நிரப்பிவிட்டு இரவெல்லாம் புரண்டேன். மறுநாள், செவ்வாய், காலை ஆறு நாற்பதுக்குக் கோட்டைக்குப்பம் வேலியோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் சீட்டுகளில் எழுதினேன். குப்பிக்குள் போட்டால் மை கலையுமே?

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் செல்வம் சிரித்தார். "இன்னா சார், பூச்சிக்கு ரேஷன் கார்டா? மீன் பெட்டில போடற சீட்டுக்கு நாங்க மெழுகுவத்தி தேய்ப்போம். ஐஸ் தண்ணில ஊறுனாலும் பேரு அழியாது."

அவர் தந்த மெழுகுவர்த்தித் துண்டைப் பன்னிரண்டு சீட்டிலும் இருபக்கமும் தேய்த்து உள்ளே போட்டேன். காலிக் குப்பியையும் விடவில்லை: 'சிலந்தி இல்லை. காலை 8.15.'

ஆய்வேட்டுக்குக் கடைசி நாள் சனிக்கிழமை. வியாழன் முழுக்க போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மாலையில் அடித்தது.

"மாமா, ரெண்டு ஊரு சிலந்தியும் ஒரே குடும்பம்னு வருது."

"பாத்தியா! கண்டுபிடிப்பு!"

"காலிக் குப்பியும் அதே குடும்பம். உள்ள இன்னா போட்டீங்க?"

"தேதி..." என்றேன். "கொஞ்சம் மெழுகு தேய்ச்சு."

மெழுகுவர்த்தியும் சிலந்திப் பூச்சும் வேதியியலில் நெருங்கிய பங்காளிகளாம். ஒன்றைக் கரைக்கும் திரவம் மற்றதையும் கரைத்துவிட்டது.

பேராசிரியரிடம் அழுது இரண்டு வாரம் அவகாசம் வாங்கினாள். இந்த முறை சிலந்திகளை அவளே பிடித்தாள். பத்தடி தள்ளி, பேனா இல்லாமல் நின்றேன்.

போன மாதம் அவளுக்கு வரன் வந்தது. "பையன் வீடு நமக்கு எந்த வழியில சொந்தம்னு தெரியலையே" என்று தங்கை குழம்பினாள்.

நிஷா நிமிராமல் சொன்னாள்: "ஜாதகம், பயோடேட்டா எது இருந்தாலும் மாமாகிட்ட குடும்மா. மெழுகு தேய்ச்சுக் குடுத்தா சொந்தமாயிடுவாங்க."