எல்லாவற்றையும் என்னைக் கேட்டே செய்யவும்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு மைத்துனனின் வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் சலவைக்கடையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கால் கட்டைப் பிரிக்கும்வரை உங்கள் காதில் எதையும் போடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. நான் மெக்கானிக்கல் படித்தவன், சுற்றிவளைக்கத் தெரியாது.

"ஆளுங்கள கைக்குள்ளயே வச்சுக்கோடா" என்று சொல்லித்தானே சாவியைக் கொடுத்தீர்கள்? இந்தக் கடிதத்தின் தலைப்பில் இருப்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒட்டியதுதான் தாமதம், சோப்பு போடவா, மூடியைத் திறக்கவா, தும்மவா என்று பிடித்துக்கொண்டார்கள். ஓட்டல் மேனேஜரோடு நான் ஃபோனில் இருக்கும்போது மிஷின்காரர் வந்து நின்றார். பொறுங்கள் என்று கை காட்டினேன். பொறுத்தார். பேசி முடித்ததும், "தம்பி, மிஷின்லேர்ந்து தண்ணி கொட்டுது, நிறுத்தலாமா?" என்கிறார். தண்ணீர் அதற்குள் தெருவுக்கே போய்விட்டது. "இதக்கூடவா கேப்பீங்க?" "நீங்கதானே ஒட்டி வச்சிருக்கீங்க?" இஸ்திரிக்காரம்மா சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! சிரித்ததற்காகத் திட்ட முடியுமா? அங்கே தொங்கிய கோட்டு ஒன்றைக் காட்டி, மடிப்பு சரியில்லை என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன். அந்தக் கோட்டு இன்னும் அவர் மேசைக்கே வரவில்லை அத்தான். அவர் பையை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போறதுக்கும் கேக்கணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டார். ஓட்டல் சீருடை மொத்தமும் தேய்க்காமல் கிடக்கிறது. மறுநாள் போகாவிட்டால் ஓட்டலே கைவிட்டுப் போகும். நானே பெட்டியைப் பிடித்தேன். ஒரு சமையல்காரர் முதுகில் இப்போது இஸ்திரிப்பெட்டியின் முழு உருவமும் இருக்கிறது.

வெட்கத்தை விட்டு அந்தம்மா வீட்டுக்குப் போனேன். "தப்புதாம்மா, மன்னிச்சிருங்க." "திட்டுறது தெருவே கேக்க, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து மெதுவாவா?" நியாயம்தானே? மறுநாள் காலை கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்க மன்னிப்புக் கேட்டேன். சுவரில் ஒட்டியதைக் கிழித்தேன். "உங்க வேலைய நீங்களே முடிவு பண்ணுங்க, அப்புறமா சொன்னா போதும்" என்றேன். சாயங்காலத்துக்குள் சீருடை போய்ச் சேர்ந்தது.

ஆகவே அத்தான், கட்டிலில் படுத்தபடி ஃபோன் போட்டு "நீலம் போட்டாச்சா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். திட்டுவதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். தெரிந்தவனிடம் வேலையைக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், கடை தானாக ஓடும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் கால் சீக்கிரம் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கடைக்கு வந்தேன். பூட்டியிருக்கிறது. ஃபோன் போட்டால், "எல்லாரும் களைச்சுப் போயிட்டோம், இன்னிக்கு லீவுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம் தம்பி, அப்புறமா சொல்லலாம்னு இருந்தோம்" என்கிறார் இஸ்திரிக்காரம்மா. ரொம்ப சந்தோஷமாகச் சொல்கிறார். ஓட்டல்காரர் மேசைவிரிப்பு மூட்டையோடு என் பக்கத்தில் நிற்கிறார். பாராட்டுவதா, திட்டுவதா? உடனே ஃபோன் போடுங்கள் அத்தான்.