முதலாளிக்குப் பிடித்த குமிழ்

"ஒல்லியா இருக்கே!" என்றார் முதலாளி இனோகுமா.

மினோரிக்குப் பகீரென்றது. ஹமமாட்சுவில் இசை மென்பொருள் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவள் வரைந்து நேற்று ராத்திரி அனுப்பியிருந்த முதல் குமிழ் அது. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும். மவுஸால் பிடித்துத் திருகினால் பாட்டின் சத்தம் ஏறும், இறங்கும். இன்று சாயங்காலத்துக்குள் முதலாளி சரியென்று சொல்லாவிட்டால் வேலை டோக்கியோக்காரர்களிடம் போய்விடும்.

"எதுங்க ஒல்லி?"

"குமிழ்தான். பிடிச்சா கைக்கு அடங்கணும்மா. இது நழுவுது."

படத்தில் வரைந்த குமிழ் எப்படி நழுவும் என்று கேட்க அந்த ஆபீசில் யாருக்கும் தைரியம் கிடையாது. முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்த மேலாளர் குசாகபே, "ஆமாமா, நழுவுது" என்று தன் கையையே உதறிக் காட்டினார்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த மினோரி குனிந்து வணங்கிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள். ஓரத்தைத் தடிமனாக்கி, நிழலைக் கூட்டி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். புதுக் குமிழ் முதலாளியின் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலாளி ஒரு பெட்டி விலாங்குமீன் சோற்றைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, என்னம்மா இப்படி உப்பிப்போச்சு?"

"ரொம்ப உப்பல்" என்றார் குசாகபே. "பார்க்கவே மூச்சு முட்டுது."

இளைக்க வைத்தாள். முதலாளி கொட்டாவி விட்டபடி, "தூங்கி வழியுது" என்றார். பளபளப்பேற்றினாள். அதற்குள் ஜன்னலில் வெயில் திரும்பியிருந்தது. "கண்ணு கூசுது" என்றார். ஒவ்வொரு தடவையும் குசாகபே, "அப்பப்பா, என்ன வித்தியாசம்!" என்று வியந்தார்.

மினோரிக்குப் பொறுக்கவில்லை. 'கைக்கு அடங்கணும், பளபளக்கணும், ஆனா கூசக் கூடாதா? இந்தா பிடி!' என்று முதலாளியின் வழுக்கைத் தலையையே குமிழாக வரைந்தாள். உச்சியில் லேசான மினுமினுப்பு. சத்தத்தின் அளவைக் காட்டும் முள்ளுக்குப் பதிலாக மூக்கு. வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் விரல் அனுப்பும் பொத்தானில் பட்டுத் தொலைத்தது.

"ஐயையோ!"

ஓடிப் போய் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால், முதலாளி ஏற்கெனவே மவுஸைப் பிடித்து, உடம்பையும் சேர்த்துச் சாய்த்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, மன்னிச்சிடுங்க, அது வந்து..."

"எதுக்கு மன்னிப்பு? இதுதாம்மா குமிழ்! என்ன களை! இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?"

"உங்க அம்சம் அப்படியே இருக்கு முதலாளி" என்று குசாகபே உருகினார்.

"டோக்கியோக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. இதையே வெளியிடலாம்!"

மினோரிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வழுக்கையைத் தானே ரசிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! இவரையா சிடுமூஞ்சி என்று நினைத்தோம்! ஆபீசே கைதட்டியது. ஸ்ட்ராபெரி வைத்த மோச்சி என்ற அரிசிமாவு உருண்டைப் பெட்டியைப் பிரித்தார்கள். மினோரி சந்தோஷத்தில் இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டாள்.

டீ கொண்டுவந்த கிகுயே அக்கா அவள் காதோரம் குனிந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே மினோரி. காலைல பெருக்கும்போது முதலாளி கம்ப்யூட்டரோட நெட் ஒயரைத் தெரியாம இழுத்துவிட்டுட்டேன். நல்லவேளை, இப்பத்தான் கண்ணுல பட்டுது, சொருகிட்டு வரேன். ஆமா, அவரு மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்க்கிறாரே, திரையில புதுசா வந்திருக்கிற அந்த வழுக்கை யாரோடதும்மா?"