பால்வெளியாரின் பரந்த பார்வை

பேரண்டப் பேர்வழி என்றோர் இனம் உண்டு. அதைக் காணத் தொலைநோக்கி வேண்டாம். உங்கள் துன்பத்தைச் சற்று உரக்கச் சொல்லுங்கள், தானே வந்து நிற்கும். பல்வலியா? பூமியே ஒரு தூசி என்னும். வண்டி களவு போயிற்றா? சூரியனே ஒருநாள் அணையும் என்னும். ஆறுதல் சொன்ன களைப்பில் தேநீர் அருந்தப் போய்விடும்.

பால்வெளியார் என்று அலுவலகமே அழைக்கும் தலைமை எழுத்தர் இவ்வினத்தின் திலகம். பதிவுப் பிரிவையும் அஞ்சல் பிரிவையும் ஒன்றாக்கி, மிஞ்சியவர்களைத் தொலைதூரக் கிளைக்கு அனுப்புவதென்று மேலாளர் முடிவு செய்தார். மிஞ்சியவர் தட்டச்சர் அம்மாள். மகளுக்கோ இறுதித் தேர்வு.

"சார், மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். பரீட்சை முடியிற வரைக்குமாவது..."

பால்வெளியார் கண்களை மூடினார். சொற்பொழிவு வரப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

"உட்காரும்மா. ஆதியில வெறும் வாயு. அது கண்ணுக்கே தெரியாத கரும்பொருளோட ஈர்ப்புல விழுந்து, குளிர்ந்து, விண்மீனாகி, குட்டிக் குட்டி மண்டலமாச்சு. குட்டிங்க மோதிச் சேர்ந்துதான் பெரிய மண்டலமே வந்தது. சேரும்போது சில விண்மீன் வெளியே தூக்கி வீசப்படும். அதுங்க யாருகிட்டயாவது போய் அழுதுச்சா?"

"விண்மீனுக்குப் பள்ளிக்கூடம் போற பொண்ணு இல்லையே, சார்."

"கோடானுகோடி வருஷத்தை நினைச்சுப் பாரும்மா! ஒரு பரீட்சை எம்மாத்திரம்?"

மறுவாரம் பிரிவுகள் இணைந்தன. பால்வெளியாரின் சன்னலோர நாற்காலியில் அஞ்சல் பிரிவுத் தலைவர் அமர்ந்திருந்தார். பால்வெளியாரின் மேசை கழிவறைக் கதவருகே கிடந்தது. பேரண்டம் அக்கணமே சுருங்கி, நான்கு கால்களும் கைப்பிடிகளும் கொண்ட ஒரு மரச்சாமான் ஆயிற்று.

"என் சீட்டு! என் சீட்டுய்யா அது!" என்று அலறியவாறே அவர் மேலாளர் அறைக்குள் பாய்ந்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். தேநீர் ஆறுமுன் நாற்காலி திரும்பிவிட்டது. ஆம், ஒரு வார்த்தை போதுமாகத்தான் இருந்தது.

மாலையில் தட்டச்சர் அம்மாள் பையுடன் விடைபெற வந்தார். பால்வெளியார் சன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி, "எல்லாமே விலகிக்கிட்டேதான் இருக்கும்மா, அதான் இயற்கை" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்று. சென்ற வாரம் உங்கள் மைத்துனர் ஓர் உதவி கேட்டு வந்தபோது, "காலம் எல்லாத்தையும் சரி பண்ணிடும் மாப்ளே" என்று தோளைத் தட்டினீர்களே, அதை எத்தனை ஒளியாண்டுத் தொலைவில் நின்று சொன்னீர்கள்?