பாபநாசம் பேய் மாளிகையில் நான் ஓடவில்லை என்பதற்கான விளக்கம்

பூதலூர்,
தை 9

மரியாதைக்குரிய சம்பந்தி (இந்த வார்த்தையை நான் அடிக்கப் போவதில்லை) நாகூர் காயாரோகணம் அவர்களுக்குப் பூதலூர் இளையபெருமாள் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கமலாம்பாளும் பையன் இளஞ்செழியனும் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியம் என்று அறிந்தேன். நேற்று நான் போன் போட்டபோது சம்பந்தியம்மா தனபாக்கியம் எடுத்து, என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தார்கள். குரல் கணீரென்று இருந்தது, சளி இருமல் ஏதும் இல்லை. வாட்ஸப்பில் அனுப்பியது ஐந்து நாளாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் தபால். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். காணும் பொங்கலன்று பாபநாசத்தில் நடந்ததை மனதில் வைத்து, தை இருபத்தெட்டு நிச்சயதார்த்தத்தை "அப்புறம் பார்ப்போம்" என்று தரகர் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். இருட்டில் பெண்ணை அம்போவென்று விட்டுவிட்டு ஓடின மனுஷன் வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்று நீங்கள் நினைப்பதாகத் தரகர் சொல்கிறார். நியாயமான நினைப்புதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நான் ஓடவில்லை. நடந்தது என்ன என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் நெல் கிடக்கும்போது தனியாகக் காவல் படுத்தவன் நான். வாய்க்காலில் தண்ணீர் கட்டப்போய்க் கட்டுவிரியனை மிதித்தவன், மிதித்த பிறகும் மடையை அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தவன். இதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே உங்கள் கூடத்தில் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலைக்குக் கறுப்புத் துணி கட்டி "பேய் மாளிகை" என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்தா பயப்படுவான்? அதுவும் பகல் பதினோரு மணிக்கு?

உள்ளே போகலாம் என்று சொன்னது இளஞ்செழியன். இதில் என் பங்கு எதுவும் இல்லை. சின்னஞ்சிறுசுகள் நாலு வார்த்தை பேசட்டும், ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் தனியாக அனுப்பினால் நன்றாக இருக்காது என்றுதான் நானும் கமலாம்பாளும் கூடப் போனோம். நீங்கள் முட்டிவலி என்று சம்பந்தியம்மாவோடு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டீர்கள். "குந்தவை கொஞ்சம் பயந்த சுபாவம், பாத்துக்குங்க" என்றீர்கள். "எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து ஒப்படைக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

உள்ளே அங்கங்கே சின்ன விளக்கு, மற்றபடி இருட்டு, பழைய தவிட்டு வாடை. நான் முன்னால், பெண்கள் நடுவில், இளஞ்செழியன் கடைசியில். நாலு எட்டு வைத்ததும் வெள்ளைப் புடவை, விரிந்த தலை, கை நிறைய வளையலோடு ஒரு பேய் "ஹா" என்று குதித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. யார் மேலாவது பேய் வந்தால் பேர் என்ன, ஊர் என்ன, என்ன வேண்டும், மூன்றையும் கேட்டுவிட வேண்டும். கேட்டால் பேய் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் அசரவில்லை. காலை அகட்டி நின்று, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

பேய் திகைத்துவிட்டது. "வசந்தகுமாருங்க" என்றது.

"எந்த ஊரு?"

"திருக்காட்டுப்பள்ளிங்க."

"யாரு மவன்?"

"வீரையன் மவங்க."

"எந்த வீரையன்? டிராக்டர் வச்சிருக்காரே, அவரா?"

"ஆமாங்க, ஐயாவுக்கு அப்பாவத் தெரியுமா?"

"அடப்பாவி, உங்கம்மா அனுசுயா எனக்குத் தங்கச்சி முறைடா! நான் உனக்கு மாமன்!" என்றேன். பேய் உடனே என் காலில் விழுந்தது. ஆசீர்வாதம் பண்ணினேன். அப்பா எப்படி இருக்கிறார், தாளடி நெல் எந்த மட்டில் இருக்கிறது, அறுவடை மிஷினுக்குச் சொல்லியாச்சா எல்லாம் விசாரித்தேன். என்ன வேண்டும் என்பது பாக்கி இருந்தது, அதையும் கேட்டேன். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க மாமா, கொஞ்சம் நகந்தாப் போதும்" என்றது. இதைக் குந்தவை தன் கண்ணால் பார்த்தது. நீங்களே சொல்லுங்கள், பயந்தவன் பேயிடம் மிஷினைப் பற்றி விசாரிப்பானா?

அடுத்தது நெல் ஊறவைக்கிற தொட்டி இருந்த இடம். அங்கே திடீரென்று எல்லா விளக்கும் போய்விட்டது. கழுத்தில் ஜில்லென்று காற்று அடித்தது. காலை ஏதோ பிடித்தது. எங்கேயோ ஒரு பயங்கரமான அலறல் கேட்டது, அது ஸ்பீக்கர். அந்த நேரத்திலும் எனக்கு ஒரே நினைவுதான், காயாரோகணம் பெண்ணை ஒப்படைக்க வேண்டும். என் உயிரைப் பற்றியோ பெண்டாட்டியைப் பற்றியோ நினைக்கவில்லை. கையை நீட்டினேன், வளையல் போட்ட கை தட்டுப்பட்டது. "பயப்படாதம்மா, மாமா இருக்கேன்!" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே வெளியே வந்தேன். கொஞ்சம் வேகமாக வந்தேன். அதை ஓட்டம் என்று சொல்வது பொறாமை. வழியில் ஒரு தட்டியும் இரண்டு மண்டை ஓடும் விழுந்தன, அவை சரியாகக் கட்டப்படவில்லை.

மீதியை நீங்கள் டீக்கடையில் இருந்தே பார்த்தீர்கள். வெயிலில் எனக்குக் கண் கூசியது, பக்கத்தில் யார் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை. ரோட்டைக் கடந்து நேராக உங்கள் முன்னால் வந்து, "இந்தாங்க சம்பந்தி, உங்க பொண்ணு! ஒரு கீறல் இல்ல!" என்று அந்தக் கையை எடுத்து உங்கள் கையில் வைத்தேன். நீங்கள் டீயை மடியில் கொட்டிக்கொண்டீர்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன், வசந்தகுமார். வெள்ளைப் புடவை, வாயோரம் ரத்தம், மீசை. கும்பகோணம் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். உறவு என்று தெரிந்த பிறகு மாமனை இருட்டில் தனியாக விடக்கூடாது என்று, பாவம், வேலையைப் போட்டுவிட்டு வழிகாட்டப் பின்னாலேயே வந்திருக்கிறான். "நல்லாருக்கீங்களா பெரியப்பா" என்று உங்களையும் கும்பிட்டான். நீங்கள் மடியைத் துடைப்பதிலேயே இருந்தது அவனுக்கு வருத்தம்.

இருபது நிமிஷம் கழித்து மற்ற மூன்று பேரும் சாவகாசமாக வந்தார்கள். கமலாம்பாள் ஒவ்வொரு பேயிடமும் "சாப்டியாப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். நான் குறுக்கே நிற்காமல் முன்னதாக வெளியே வந்ததால்தான் அது நடந்தது என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? என் கஷ்டத்தையும் கேளுங்கள். "முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவ பக்கத்துலயே நிக்கிறேன், என் கையப் புடிக்கத் தோணலையே உங்களுக்கு" என்று கமலாம்பாள் அன்றிலிருந்து என் தட்டில் சோறு போடுவதோடு சரி, பேச்சு இல்லை. உங்கள் பெண்ணைக் காப்பாற்றப் போய் நான் என் வீட்டிலும் கெட்டேன்.

விளையாட்டு இருக்கட்டும் சம்பந்தி. என் பையன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மாசியில் சிங்கப்பூர் திரும்ப வேண்டும், பெட்டியை எடுத்துத் துடைப்பதும் வைப்பதுமாக இருக்கிறான். அவனுக்குக் குந்தவையை ரொம்பப் பிடித்திருக்கிறது. அது கெட்டுப்போனால் என்னால்தான் கெட்டது என்று ஆகும், அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே நான் தைரியசாலி என்பதை ஏற்றுக்கொண்டு, நிச்சயத்தைக் குறித்த தேதியிலேயே நடத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். குந்தவைக்கு ஆசிகள், பதினாறு செல்வமும் பெற்று எங்கள் வீட்டிலேயே வாழட்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத உங்கள்
இளையபெருமாள்

பி.கு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது இளஞ்செழியன் வந்து செல்போனை நீட்டினான். அந்த மாளிகையில் ரூமுக்கு ரூம் இருட்டிலும் தெரிகிற கேமரா வைத்திருக்கிறார்களாம். மாமன் ஞாபகமாக இருக்கட்டும் என்று வசந்தகுமார் அந்த வீடியோப் படத்தை அனுப்பியிருக்கிறான். அன்றைக்கு ஸ்பீக்கர் ரிப்பேராம். அலறியது நான்தான். காலைப் பிடித்தது என் வேட்டி. "அம்மா, காப்பாத்து" என்று மூன்று தடவை கத்தியிருக்கிறேன், குந்தவை பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இருட்டில் என்னைத் தேடி, "மாமா, இங்க இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். படத்தைக் குந்தவைக்கும் பையன் அனுப்பிவிட்டான். இன்றைக்குக் காலையில் அவளே பையனுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். நிச்சயத்தைத் தள்ளிவைக்கச் சொன்னது நீங்கள் இல்லையாம், அவளாம்; நான் ஓடினதுதான் காரணம் என்றது தரகர் கைச்சரக்காம். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் நான் பேசியதைக் கேட்டு, இப்படி ஒரு முரட்டு மாமனார் வீட்டில் எப்படி வாய் திறப்பது என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். "இருட்டுல கத்துனது ஏதோ பேய்னு நெனச்சேன், மாமாதான்னு படத்துல பாத்ததும்தான் எனக்கு அந்த வீட்டுக்கு வரலாம்னு தைரியம் வந்துச்சு, அப்பாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாளாம். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் தள்ளுபடி செய்துவிடவும். நான் பயந்தேன் சம்பந்தி. நன்றாகவே பயந்தேன். நிச்சயத்தன்று சபையில் எழுந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.