பெங்குவின் மடித்த மூன்று பொட்டலம்

விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்ட மனிதர் இந்தப் புதுச்சேரியிலேயே ஒருவர்தான். காரைக்கால், மாஹே, ஏனாமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒருவர்தான்.

அவருக்குப் பெயர் பெங்குவின். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பெரிய மார்க்கெட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. லினக்ஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் முறை இருக்கிறது. பெங்குவின் பறவை அதற்குச் சின்னம். அந்தப் படத்தைக் கடை வாசலில் மாதா படத்துக்கு நேர் கீழே ஒட்டியிருந்தார். போதாததற்கு ஆள் குள்ளம், தொந்தி, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அசைந்து அசைந்து வருவார். படம் ஒட்டாமல் இருந்திருந்தாலும் மார்க்கெட் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கும்.

நான் மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பூ போகாமல் ஒருநாளும் போணி பண்ணியதில்லை. என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். என் கடைக்கு எதிர்ச் சந்தில் பெங்குவினின் ரிப்பேர் கடை. தினமும் காலையில் மாதாவுக்கு ஒரு முழம் மல்லி என்னிடம்தான் வாங்குவார். மல்லி தவிர வேறு பூ தொடமாட்டார்.

கெட்டுப்போன கம்ப்யூட்டரோடு யார் வந்தாலும் முதலில் பாவசங்கீர்த்தனம் நடக்கும். மாதா கோயில் சாமியார்கூட அவ்வளவு கேட்கமாட்டார்.

"கடைசியா எப்ப தூசி தட்டுனே?"

"ஞாபகம் இல்லீங்க."

"கண்டதையும் எறக்குனியா?"

"பையன் ஒரு கேமுதான்..."

"ஒண்ணுதானா? மாதா படம் எதிர்ல கீது, பாத்துச் சொல்லு."

"ஒரு ஆறு இருக்கும்."

பரிகாரமும் உடனே கிடைக்கும். "மூணு நாளு லினக்ஸ்ல இருக்கட்டும். புடிக்கலன்னா பழையபடி மாத்தித் தர்றேன்." மூன்றாம் நாள் மாற்றித் தரச் சொல்லிப் போனால், கடையைச் சாத்திவிட்டு மணக்குள விநாயகர் கோயிலில் செத்துப்போன யானை நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் ஒருநாள் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் வழக்கம்போல் லினக்ஸைப் போட்டுவிட்டார். தமிழ் எழுத்துகளை ஏற்ற மறந்துவிட்டார். பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு கட்டம், மணமகள் பெயருக்கு மூன்று கட்டம். பெண்ணைப் பெற்றவரும் கூடவே வந்துவிட்டார்.

"யோவ், என் மாப்ள பேரு எங்கய்யா?"

"எழுத்து தெரியலன்னா என்னா முசியே? மாப்ள யாருன்னு பொண்ணுக்குத் தெரியும்ல?"

ஐயா என்பதைப் பிரெஞ்சில் முசியே என்றுதான் சொல்வார். அன்று சுமை தூக்குகிற இரண்டு பேர் நடுவில் புகாவிட்டால் பெங்குவின் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிறகு உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் எழுத்தையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். வேலைக்காரர்தான். வாய்தான் சரியில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

என் மகள் கோமதி பி.காம். படித்தவள். அப்போது கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். ஏன் என்று எழுதவேண்டியதில்லை. குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக முடியாததால் கிடைத்த இரண்டு வேலையும் கைவிட்டுப் போனது. மூன்றாவதாக ஒரு ஆடிட்டர், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், கம்ப்யூட்டர் மட்டும் சொந்தமாக இருக்கவேண்டும், ஒன்றாம் தேதி ஆரம்பிக்கவேண்டும் என்றார். ஒரு சாப்ட்வேரையும் கொடுத்தார். எங்களால் ஒரு தடவைதான் கம்ப்யூட்டர் வாங்க முடியும். தப்பானதை வாங்கிவிட்டால் அந்த வேலையும் போய்விடும்.

கோமதி விண்டோஸ் போதும் என்றாள். பிரான்சில் இருக்கிற என் மச்சான், மேக் வாங்கினால்தான் ஆச்சு என்று போனில் குதித்தார். பெங்குவினுக்குச் சேதி போனதும் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரோடு என் கடைக்கே வந்துவிட்டார்.

"பூக்கார்ரே, நல்லாக் கேட்டுக்குங்க. விண்டோஸ் வாடக வூடு. எப்ப என்னா மாத்துவான்னு தெரியாது. மேக்கு பெரிய பங்களா. உள்ள ஒரு ஆணி அடிக்க உடமாட்டான். லினக்ஸு நம்மளே கட்டிக்கிற வூடு."

"கட்டத் தெரியணுமே சார்?"

"நான் எதுக்குக் கீறேன்?"

அந்த நேரம் பார்த்து மச்சானின் வீடியோ கால் வந்தது. போனைச் சாமந்திக் கூடையின்மேல் சாய்த்து வைத்தேன். இரண்டு பேரும் பிரெஞ்சில் ஆரம்பித்தார்கள். "நோன்!" என்பார் இவர். "மே நோன்!" என்பார் அவர். கால்மணி நேரம். இல்லை, இல்லவே இல்லை; எனக்கு அந்த இரண்டு சொல்தான் புரிந்தது. மீன் வாங்க வந்த கூட்டமெல்லாம் பூ வரிசைக்கு வந்து நின்றது. கடைசியில் பெங்குவின் கூடையின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மச்சானை மூடிவிட்டார்.

எனக்கு இவர்கள் பேசுவது ஒன்றும் விளங்காததால் என் தொழிலில் வைத்து யோசித்துப் பார்த்தேன். விண்டோஸ் சாமந்தி, எங்கேயும் கிடைக்கும், எல்லாச் சாமிக்கும் ஆகும். மேக் ரோஜா, ஒற்றையாக நிற்கும், தொட்டால் விலை. லினக்ஸ் மல்லி; உதிரியாகத்தான் வரும், கட்டத் தெரிந்தவன் கையில்தான் சரமாகும். இதைச் சொன்னபோது பெங்குவின் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் செருகினார். "நீங்க ஏன் எட்டாவதோட நின்னீங்க?" என்றார்.

ஆடிட்டரின் சாப்ட்வேரை லினக்ஸில் ஓடவைத்துக் காட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் வேறு வேலை எடுக்கவில்லை. சவரம் செய்துகொள்ளவில்லை. மல்லி வாங்க வந்தபோது, "என்னா சார், ஓடுதா?" என்றேன்.

"ஓடுது. நொண்டி நொண்டி ஓடுது."

மறுநாள், "உக்காந்துக்குச்சி" என்றார். மூன்றாம் நாள் நான் கேட்கவில்லை. வாங்கிய மல்லியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். அது வரைக்கும் நடக்காதது.

அன்று சாயங்காலம் அவரே வந்தார். கோமதியும் கடையில் இருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"ஒண்ணாந் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு அங்கிள்" என்றாள்.

அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "நீங்க சாமி கும்புடறவரு. சாமிகிட்டயே கேட்டுடலாம். உங்க கோயில்ல பூ போட்டுப் பாப்பீங்களே, அதமாரி. நீங்க சொன்ன சாமந்தி, ரோஜா, மல்லி மூணையும் வெச்சே பாத்துடலாம்."

எங்கள் பக்கம் ஒரு முடிவுக்கு வரமுடியாதபோது ஒவ்வொரு வழிக்கும் ஒரு பூவை நினைத்துப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு. மீறமாட்டோம். எனக்கும் அது சரி என்று பட்டது.

பொட்டலத்தை நானே மடிக்கிறேன் என்றார் பெங்குவின். "நீங்க திரும்பி நில்லுங்க. உங்க மூஞ்சி எல்லாத்தையும் சொல்லிடும்." என் கடைப் பூவை எடுத்து, என் கடைக் காகிதத்தில், எனக்குப் பின்னால் நின்று மடித்தார்.

கோயிலுக்குப் போகும் வழியில், கூடவே வந்த என் மனைவி காதைக் கடித்தாள். "அந்தாளு மூணுலயும் மல்லியத்தான் வெச்சிருப்பான், பாருங்க. நம்ம பொண்ணு வேல போச்சி."

எனக்கும் அதே நினைப்புதான். அம்மன் வாக்கு என்று வந்துவிட்டால் நான் மாற்றமாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

பூசாரி தட்டைப் பார்த்துவிட்டு, "மூணு பொட்டலமா? ரெண்டுதானே வழக்கம்?" என்றார்.

"வேதக்காரங்க மடிச்சா மூணு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்றார் பெங்குவின், கொஞ்சமும் யோசிக்காமல். பூசாரி மேலே கேட்கவில்லை.

தட்டைச் சன்னதியில் வைக்க நான்தான் வாங்கினேன். முப்பது வருஷமாகப் பூவோடு இருக்கிறவன். காகிதத்துக்குள் இருந்தாலும் மல்லி என்னிடம் ஒளிந்துகொள்ள முடியாது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். மல்லி வாசனை இல்லை. ரோஜா வாசனையும் இல்லை. அந்தப் பச்சைக் கசப்பு வாசனை மட்டும்தான். ஒவ்வொரு பொட்டலமாக விரலால் தள்ளிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மெத்து.

மூன்றும் சாமந்தி.

திரும்பிப் பெங்குவினைப் பார்த்தேன். அவர் தூணுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார். விண்டோஸ் வாங்குங்கள் என்று அந்த வாயால் சொல்ல முடியவில்லை. அதனால் அம்மனைச் சொல்லவைக்கப் பார்க்கிறார். சன்னதியில் நடக்கும் மோசடி என்று நான் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். கோமதி குழந்தையைத் தட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டாள். நான் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

குழந்தை இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தை எடுத்துவிட்டது.

"ஒண்ணுதான் கண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்றார் பூசாரி. குழந்தை ஒன்றை வாயில் வைத்தது.

"அதுக்கென்னா, ரெண்டையும் பிரிச்சிப் பாத்துடலாம்" என்றாள் என் மனைவி. "மூணாவதையும் பிரிங்க. என்னா வெச்சிருக்காருன்னு தெரியட்டும்."

பெங்குவின் கண்ணைத் திறந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"வாயில வெச்சதுதான் செல்லும்" என்றேன் நான். "மிச்சத்தப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா தோஷம்."

அப்படி ஒரு தோஷம் எந்த ஊரிலும் கிடையாது. பூசாரிக்கும் தெரியாது, பூக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டினார். மற்ற இரண்டையும் எடுத்து என் மடியில் செருகிக்கொண்டேன். எச்சிலான பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். சாமந்தி. கோமதி அழுதுவிட்டாள். என் மனைவி அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பெங்குவினுக்கு உயிர் வந்ததும் வாயும் வந்தது. "என்னாம்மா தாயே, நீயும் கூட்டத்தோட சேந்துட்டியா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். வெளியே வந்தும் விடவில்லை. கோயில் வாசலிலிருந்து மார்க்கெட் வரைக்கும் விண்டோஸைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவரே கூட வந்து விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பொறுக்கி எடுத்தார். அவரே வீட்டில் வைத்து மாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஆடிட்டரின் சாப்ட்வேர் ஒரே மூச்சில் ஓடியது. போகும்போது கோமதிக்குத் தெரியாமல் பெட்டிக்குப் பின்பக்கம் ஒரு சின்னப் பெங்குவின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார். கோமதி இன்றைக்கும் அந்த ஆடிட்டரிடம்தான் வேலை செய்கிறாள்.

சன்னதியில் பொய் சொன்னேனே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மனுக்குத் தனியாக ஒரு மாலை கட்டிப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பூக்காரன் எனக்கே வாசனை தெரிந்தது, அம்மனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் குழந்தையை எடுக்கவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

பெங்குவின் இப்போது கடையை மூடிவிட்டார். கண் சரியாகத் தெரியவில்லை. கதிர்காமத்தில் வீட்டோடு இருக்கிறார். அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு மாதாவுக்கு ஒரு முழம் மல்லி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நடுவில் ஒரே ஒரு சாமந்தி வைத்துத்தான் கட்டுவேன். வாங்கியதும் விரலால் தடவிக்கொண்டே வருவார். அந்த இடம் வந்ததும் விரல் நிற்கும். பிறகு அப்படியே மாதாவுக்குப் போட்டுவிடுவார்.